ருமேனியச் சொல் எங்கிருந்து வந்தது என்று வாதிடுவது எப்படி: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ருமேனிய மொழியைப் படிக்க ஆரம்பித்த சில மாதங்களில் எல்லாருக்கும் ஒரு காய்ச்சல் வரும். இந்தச் சொல் இத்தாலியன் மாதிரி இருக்கிறதே, அது ரஷ்யன் மாதிரி, இது துருக்கியேதான் என்று பார்க்கிற சொல்லுக்கெல்லாம் ஊர் சொல்லத் தோன்றும். எனக்கும் வந்தது. அப்புறம் பின்னால் வந்தவர்களுக்கும் அதே காய்ச்சல் அதே வரிசையில் வருவதைப் பார்த்தேன். வாதத்தில் தோற்றதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான். முதல் கேள்வியாக 'எங்கிருந்து' என்று கேட்டுவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது 'எப்போது'. சொல் மொழிக்குள் நுழைந்த காலம் பிடிபட்டால் பாதி மூலமொழிகள் தானாகக் கழன்று விழும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். அகராதியைத் திறப்பது ஏழாவது படி. சோம்பலில் அதை முதலில் செய்தால் மற்ற ஆறும் வீண்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ருமேனியன் லத்தீனிலிருந்து பிறந்த மொழி. அதற்காக லத்தீன் தெரிந்திருக்க வேண்டாம், லத்தீன் அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் பெயர்ச்சொல்லை எழுவாய் வடிவில் எடுக்காமல் செயப்படுபொருள் வடிவில் எடுக்கப் பழகுங்கள், ஏனென்றால் லத்தீன் வழி வந்த ருமேனியச் சொற்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் இறங்கியவை. 'உப்பு'க்கு லத்தீன் ஸால் என்று வைத்தால் ஒன்றும் புரியாது, ஸாலெம் என்று வைத்தால் ருமேனிய ஸாரெ உடனே தெரியும்.

அடுத்து எழுத்து. ருமேனிய மொழியில் இரண்டு மங்கலான உயிர்கள் உண்டு. ஒன்றை இங்கே 'அ' என்று எழுதுகிறேன். இன்னொன்று நம் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் வரும், 'காசு' என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் நிற்கிறதே, அது. அதை 'உ' என்று எழுதுகிறேன். இந்த இரண்டாவது உயிரை எழுத ருமேனியர்களிடம் இரண்டு எழுத்து உண்டு: தொப்பி போட்ட 'ஐ', தொப்பி போட்ட 'ஏ'. 1993இல் அந்நாட்டு அகாடமி விதியை மாற்றியதால், அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளின் புத்தகங்களில் 'கை' என்ற சொல் ஒரு மாதிரியும் இப்போது வேறு மாதிரியும் இருக்கும். தேடுபவர்கள் இதில் மாட்டிக்கொண்டு 'இரண்டு வெவ்வேறு சொற்கள்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 1860களுக்கு முன் மொழி ஸிரில்லிக் எழுத்தில் இருந்தது, சோவியத் மால்டோவாவில் 1989 வரைகூட. எழுத்தைப் பார்த்து ஸ்லாவிக் (ரஷ்யன், பல்கேரியன் போன்ற மொழிகளின் குடும்பம்) சொல் என்று முடிவு கட்டாதீர்கள்.

2. சொல்லின் பழைய வடிவத்தைத் தேடுங்கள்

இன்றைய வடிவத்தை வைத்து ஒப்பிடுவது தேய்ந்த நாணயத்தை வைத்து எந்த ராஜா என்று சொல்வது போல. 'கிராமம்' என்பதற்கு ருமேனியச் சொல் ஸாத். இதை வைத்து என்ன வேண்டுமானாலும் ஊகிக்கலாம். பழைய நூல்களில் அது ஃப்ஸாத். முன்னால் ஒரு 'ஃப்' வந்ததும் லத்தீன் ஃபொஸ்ஸாதும், அதாவது அகழி தோண்டிக் காத்த இடம், தெரிகிறது. அல்பேனிய மொழியிலும் கிராமம் ஃப்ஷாத்தான்.

ஒரு எச்சரிக்கை. இன்று கிடைப்பவற்றில் காலத்தை உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய ருமேனிய எழுத்து 1521இல் கும்புலுங்கிலிருந்து ப்ரஷோவுக்கு நெயாக்ஷு என்பவர் எழுதிய கடிதம். அதனால் 'இந்தச் சொல் பதினாறாம் நூற்றாண்டில்தான் முதலில் காணப்படுகிறது, ஆகவே புதுசு' என்ற வாதம் செல்லாது. அதற்கு முன் எழுத்தே இல்லையென்றால் சொல் எங்கே போய்ப் பதிவாகும்?

3. ஒலிச் சோதனை: சொல் எப்போது வந்தது?

இதுதான் வழிகாட்டியின் உயிர். இங்கே நேரம் செலவழியுங்கள்.

மொழியில் ஒலி மாற்றம் ஒரு காலத்தில் தொடங்கி ஒரு காலத்தில் நின்றுவிடும். மாற்றம் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்த சொற்கள் எல்லாம் மாறும், நின்ற பிறகு வந்தவை மாறாது. ரயில் போன பிறகு நடைமேடைக்கு வந்தவர் ஏற முடியாது. எந்தெந்த ரயிலில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் சொல்லின் வயது கிடைக்கும்.

முதல் சோதனை: இரண்டு உயிர்களுக்கு நடுவில் இருந்த ஒற்றை 'ல' 'ர' ஆனதா? லத்தீன் ஸோலெம் (சூரியன்) ஸொவாரெ ஆனது, மோலா (மாவரைக்கும் ஆலை) மொவார ஆனது, கூலா (தொண்டை) கூர என்று வாயைக் குறிக்க வந்தது. ஸ்லாவிக்கிலிருந்து வந்த மீல (இரக்கம்), பொவால (நோய்) இரண்டிலும் 'ல' அப்படியே நிற்கிறது. ஸ்லாவியர் வந்து கலந்தபோது இந்த ரயில் போய்விட்டது.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. வாலெ (பள்ளத்தாக்கு) என்ற சொல்லில் 'ல' இருக்கிறதே, அப்படியானால் லத்தீன் இல்லையா? லத்தீன்தான். அங்கே மூலத்தில் இரட்டை 'ல்ல' இருந்தது, விதி ஒற்றைக்கு மட்டும். குதிரையைக் குறிக்கும் கால் என்ற சொல்லும் (ஆமாம், குதிரைக்குப் பெயரே கால்) கபால்லுஸ் என்ற இரட்டை 'ல்ல'விலிருந்து வந்தது.

இரண்டாவது சோதனை: 'க்த' 'ப்த' ஆனதா? லாக்தெம் (பால்) லாப்தெ, நோக்தெம் (இரவு) நொவாப்தெ, ஒக்தோ (எட்டு) ஒப்த். இத்தாலியன் இதையெல்லாம் 'த்த' ஆக்கியது, ஸ்பானிஷ் 'ச்ச' ஆக்கியது, ருமேனியன் இந்தப் பக்கம் போனது. அதனால் பழைய சொற்களில் 'ப்த' பார்த்தால் லத்தீனின் நேர் வாரிசு என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

மூன்றாவது: 'க்வ', 'ங்வ' போன்றவை உதட்டொலி ஆனதா? அக்வா (தண்ணீர்) அப்ப ஆனது, லிங்வா (நாக்கு, மொழி) லிம்ப ஆனது, க்வாத்துவோர் (நான்கு) பாத்ரு ஆனது. தமிழ் வாசகருக்கு இங்கே தனியாக ஒரு பொறி இருக்கிறது. ஐம்பூதங்களில் நீருக்கு 'அப்பு' என்று வடமொழி வழியாக நமக்கு ஒரு சொல் உண்டு. அப்ப, அப்பு, இரண்டும் தண்ணீர்! இதைக் கண்டுபிடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, மறுநாள் லிம்ப, பாத்ரு இரண்டையும் பார்த்ததும் தூக்கம் வந்துவிட்டது. ருமேனிய அப்பவின் 'ப்ப' லத்தீன் 'க்வ'விலிருந்து விதிப்படி பிறந்தது. முடிவில் ஒத்திருப்பது தற்செயல்.

நான்காவது: 'ன்'னுக்கு முன்னால் இருந்த 'ஆ' மங்கியதா? மானுஸ் (கை) முன, லானா (கம்பளி) லுன. ஸ்லாவிக்கிலிருந்து வந்த ரான (காயம்), ஹ்ரான (உணவு) மங்கவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்லாவிக்கின் மூக்கொலி உயிரும் ருமேனியத்தில் இதே ஒலியைத் தந்திருக்கிறது. பெருமிதத்தைக் குறிக்கும் முன்த்ரு அப்படி வந்தது. தவிர ஸ்தபுன் (எஜமான்), ஸ்முந்துன (பாலேடு) மாதிரி ஸ்லாவிக் உறவுள்ள சொற்களும் மங்கிய உயிரோடு நிற்கின்றன. மிக முதல் அலையில் வந்த கடன்கள் கடைசி ரயிலைப் பிடித்துவிட்டன என்பது ஒரு விளக்கம், இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே குறைந்தது இரண்டு சோதனையாவது ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

4. ரொம்ப லத்தீனாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்

புதியவர்கள் தலைகீழாகச் செய்வது இதைத்தான். ஸொலார், நொக்துர்ன், அக்வாதிக் என்ற சொற்களைக் காட்டி 'பாருங்கள், அசல் லத்தீன்' என்பார்கள். ஸொவாரெ, நொவாப்தெ, அப்ப என்ற அசல் வாரிசுகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். முந்தையவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாகவும் புத்தக லத்தீன் வழியாகவும் வந்தவை. தேயாமல் பளபளவென்று இருப்பதே அவை புதுசு என்பதற்குச் சாட்சி.

காரணம் எளிது. ரோமானிய ஆட்சி டேசியாவில் (இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி) 106 முதல் சுமார் 271 வரைதான் இருந்தது. அங்கிருந்து இன்றுவரை வாய்வழியாக உருண்டு வந்த சொல் உருமாறாமல் இருக்க வழியே இல்லை. ஒரே லத்தீன் மூலத்துக்கு இரண்டு ருமேனியச் சொற்கள் கிடைத்தால், அடிபட்டது மூத்தது.

5. லத்தீன் இல்லை என்றால் வாலைப் பாருங்கள்

கடன் வாங்கிய சொல் தன் ஊர் முத்திரையைப் பெரும்பாலும் வாலில் வைத்திருக்கும். ஸ்லாவிக் வினைகள் 'இ'யில் முடியும் வரிசையில் சேர்ந்தன: யுபி (காதலி), ப்லத்தி (பணம் கட்டு), முன்ச்சி (வேலை செய், மூலத்தில் இதன் பொருள் வதை செய், திங்கட்கிழமை காலையில் இந்தச் சொற்பிறப்பை நான் முழுமனதாக நம்புகிறேன்). ஹங்கேரிய வினைகள் 'உயி' என்று முடியும்: லொக்குயி (குடியிரு), கெல்துயி (செலவழி), பனுயி (சந்தேகப்படு). கிரேக்க வினைகள் ஒரு 'ஸ்'ஸோடு வரும்: லிப்ஸி (இல்லாமல் போ), ஸொஸி (வந்து சேர்). துருக்கியப் பெயர்ச்சொற்கள் கடைசி 'ஆ'வில் அழுத்தம் வாங்கும்: கஃப்யா (காபி), லல்யா (டியூலிப் பூ), மஹலா (புறநகர்ப் பேட்டை), ஹல்வா.

ஹல்வா என்றதும் நம் அல்வா நினைவு வரும், அது சரியான நினைவுதான். இரண்டும் கடைசியில் அரபியில் போய் முடியும். ஆனால் ருமேனியன் அதைத் துருக்கியரிடம் வாங்கியது. இங்கேதான் பாதி சண்டை கிளம்புகிறது. ஒருவர் கடைசிக் கடைக்காரரைச் சொல்வார், இன்னொருவர் முதல் உற்பத்தியாளரைச் சொல்வார், இருவரும் சரியாகவே பேசிக்கொண்டு மணிக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். துஷ்மன் (எதிரி) பாரசீகச் சொல், ஆனால் ருமேனியத்துக்குத் துருக்கி வழி. எதைச் சொல்கிறீர்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்னக் கருவி 'ஹ'. பேச்சு லத்தீனில் 'ஹ' செத்துவிட்டது. ஹோமோ ருமேனியத்தில் ஓம் ஆனது (மனிதன் என்று பொருள், மந்திரம் இல்லை). ஆகவே பழைய சொல்லின் முதலில் 'ஹ' நின்றால் வேறு வாசலைத் தட்டுங்கள்.

6. அல்பேனியனோடும் உடன்பிறப்புகளோடும் ஒப்பிடுங்கள்

லத்தீனிலும் இல்லை, ஸ்லாவிக்கிலும் இல்லை, ஆனால் எல்லா ரயிலிலும் ஏறியிருக்கிறது என்றால் அல்பேனிய அகராதியை எடுங்கள். அபுர் (நீராவி) அங்கே அவுல், மாஸரெ (பட்டாணி) அங்கே மோதுல், மகுர (குன்று) அங்கே மகுல. அல்பேனியனில் 'ல' இருக்கும் இடத்தில் ருமேனியனில் 'ர' வருவதைக் கவனியுங்கள். மூன்றாம் படியின் அதே விதி, ஆகவே இந்தச் சொற்கள் ஸ்லாவியருக்கு முன்பே உள்ளே இருந்தவை. ஒலிச் சோதனையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகத்தான். (அபுர், அவுல் என்றதும் நம் 'ஆவி' எட்டிப்பார்க்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.)

ஆனால் 'அல்பேனியனில் இருக்கிறது' என்பதும் 'அல்பேனியனிலிருந்து வந்தது' என்பதும் வேறு வேறு. இரண்டுமே வேறொரு பழைய பால்கன் மொழியிலிருந்து வாங்கியிருக்கலாம். அதை டேசியன் (ரோமானியருக்கு முன் டேசியாவில் பேசிய மொழி) என்று பலர் சொல்வார்கள். டேசிய மொழியில் ஒரு முழு வாக்கியம்கூட நமக்கு மிஞ்சவில்லை. ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிரேக்க மருத்துவ நூலில் சில மூலிகைப் பெயர்கள், அவ்வளவுதான். 'இது டேசியச் சொல்' என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த டேசிய வாக்கியத்தில் பார்த்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். மொழியியலாளர் க்ரிகோரெ ப்ரன்குஷ் 1983இல் வெளியிட்ட அடித்தளச் சொல் (லத்தீனுக்கு முந்தைய மொழியிலிருந்து மிஞ்சியவை) ஆய்வில் உறுதியானவை என்று ஒப்புக்கொண்டது சுமார் 90 சொற்களைத்தான்.

அப்புறம் டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் அரோமானியன், மெக்லெனோ ருமேனியன், அட்ரியாடிக் பக்கம் இஸ்த்ரோ ருமேனியன் ஆகிய உடன்பிறப்புகளில் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு வீட்டிலும் இருந்தால் பாகப்பிரிவினைக்கு முன் வாங்கிய சொத்தாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

7. பொருளைத் தனியாக விசாரியுங்கள். பிறகு அகராதியைத் திறங்கள்

ஒலி ஓர் ஊரிலிருந்தும் பொருள் இன்னோர் ஊரிலிருந்தும் வரலாம். லூமெ என்றால் உலகம். ஒலியில் அது லத்தீன் லூமென், அதாவது ஒளி. ஒளி எப்படி உலகம் ஆனது? ஸ்லாவிக்கில் ஒளிக்கும் உலகத்துக்கும் ஒரே சொல், ஹங்கேரியனிலும் அப்படியே. பதினொன்றைக் குறிக்கும் உன்ஸ்ப்ரெஸெச்செ இன்னும் நல்ல உதாரணம்: துண்டுகள் எல்லாம் லத்தீன், ஆனால் 'பத்தின் மேல் ஒன்று' என்று கட்டிய விதம் ஸ்லாவிக்கிலும் அல்பேனியனிலும் இருப்பது.

சில பொருள் மாற்றங்களுக்கு அண்டைவீட்டார் தேவையில்லை. பவிமென்தும் (தளம் போட்ட தரை) பமுந்த் என்று பூமி ஆனது, ஆனிமா (ஆன்மா) இனிம என்று இதயம் ஆனது. பொருள் தள்ளிப் போயிருக்கிறதே என்பதற்காக ஒலி விதியைக் கைவிடாதீர்கள்.

இப்போது அகராதி. 1975இல் முதலில் வந்த பெரிய விளக்க அகராதியை டெக்ஸ் என்பார்கள். டெக்ஸ்ஆன்லைன் தளத்தில் இலவசமாகத் தேடலாம், சியொரனெஸ்குவின் சொற்பிறப்பியல் அகராதியும் அங்கேயே கிடைக்கும். வாசிக்கும்போது மூன்று குறிகளில் கவனம். 'சி.எஃப்.' என்றால் 'ஒப்பிடுக' என்றுதான் பொருள், 'இதிலிருந்து வந்தது' அல்ல. நான் பார்த்த தோல்விகளில் மிகச் சாதாரணமானது இதுதான். சொல்லுக்கு முன் நட்சத்திரம் இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைத்ததல்ல, அறிஞர்கள் ஊகித்துக் கட்டியது. 'எத். நெக்.' என்றால் மூலம் தெரியவில்லை. ஒரே சொல்லுக்குப் பிரெஞ்சும் லத்தீனும் சேர்த்துப் போட்டிருந்தால் அகராதி குழம்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு சொல் பல வாசல் வழியாக நுழையலாம் என்று மொழியியலாளர் அலெக்ஸாந்த்ரு க்ரௌர் வாதிட்டு நிலைநாட்டிய வழக்கம் அது.

அகராதியைக் கடைசியில் வைத்தது ஏன் என்றால், முன்பே உங்கள் கையில் ஒரு முடிவு இருந்தால்தான் இரண்டு அகராதிகள் முரண்படும்போது எது பலவீனம் என்று தெரியும்.

8. எண்ணிக்கையை வீசுபவரிடம் எதை எண்ணினார் என்று கேளுங்கள்

அலெக்ஸாந்த்ரு சிஹாக் 1870, 1879 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட சொற்பிறப்பு அகராதியில் 5765 சொற்கள் கணக்கிடப்பட்டன: ஸ்லாவிக் 2361, லத்தீன் 1165, துருக்கி 965, கிரேக்கம் 635, ஹங்கேரியன் 589, அல்பேனியன் 50. ஐந்தில் இரண்டு பங்கு ஸ்லாவிக், ஒரு பங்குதான் லத்தீன்! ருமேனிய மொழியறிஞர் ஹஷ்தெயு இதற்குச் சொன்ன பதில்தான் இன்றும் செல்லும். அகராதியில் எல்லாச் சொல்லும் ஒரு தலைக்கு ஒரு ஓட்டு. பேச்சில் அப்படி இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை வரும் பண்ணைக் கருவியின் பெயரும், நிமிடத்துக்கு மூன்று தடவை வரும் 'இரு' என்ற வினையும் ஒன்றாகுமா? புழக்கத்தை எண்ணினால் லத்தீன் பங்கு மேலே ஏறிவிடும்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. 1871 முதல் 1876 வரை லௌரியானும் மாஸ்ஸிமும் தொகுத்த அகராதி, லத்தீன் அல்லாத சொற்களை ஒதுக்கித் தனித் தொகுதியில் தள்ளியது. எனவே சதவீதம் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பட்டியல், அகராதியா புழக்கமா, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கடன்களை லத்தீன் கணக்கில் சேர்த்தார்களா?

9. வாதத்தில் வாய் திறக்கும்போது

ஒரே மூச்சில் மூன்றைச் சொல்லுங்கள்: நேரடியாக யாரிடம் வாங்கியது, எந்தக் காலத்தில், எவ்வளவு உறுதி. இதில் ஒன்று குறைந்தால் எதிராளி அந்த ஓட்டையில் நுழைவார்.

அழகான கதையை நம்பாதீர்கள். 'சூப்பர்' என்று பொருள்படும் மிஷ்தோ என்ற கொச்சைச் சொல்லுக்கு, கைத்தடியோடு திரிந்த பகட்டானவர்களைக் குறித்த ஜெர்மன் 'மித் ஷ்டொக்' (கைத்தடியோடு) என்பதிலிருந்து வந்ததாக ஒரு கதை சுற்றுகிறது. சொல் ரோமா மக்கள் பேசும் ரொமானி மொழியுடையது (ருமேனியன் அல்ல), அங்கே நேராகவே 'நல்லது' என்று பொருள், அந்த மொழியோ வட இந்தியாவிலிருந்து போனது. பொருளும் ஒலியும் அப்படியே கையில் இருக்கும்போது கைத்தடி எதற்கு?

சொல்லிலிருந்து மண்ணுரிமைக்குத் தாவுவதையும் தவிர்த்துவிடுங்கள். அல்பேனியப் பொதுச்சொற்களை வைத்து ஒரு தரப்பு 'டேசியரும் அல்பேனியரின் முன்னோரும் உறவினர்' என்கிறது, 1871இல் ரோஸ்லர் என்ற அறிஞர் எழுதியதன் வழியில் வந்த மறுதரப்பு 'ருமேனியரின் முன்னோர் டான்யூபுக்குத் தெற்கே இருந்தவர்கள்' என்கிறது. சான்று ஒன்றேதான்.

10. திசையைச் சரிபாருங்கள்: ப்ருன்ஸ

கடைசியாக, எல்லாருக்கும் பிடித்த சொல். ப்ருன்ஸ என்றால் பாலாடைக்கட்டி. ஸ்லோவாக்கியாவிலும் போலந்திலும் ப்ரின்த்ஸா என்று ஒரு ஆட்டுப்பால் கட்டி உண்டு. 'அதோ, ஸ்லாவிக்!' என்று குதிப்பார்கள். கார்பேத்திய மலை வழியே மந்தை ஓட்டிப்போன ருமேனிய மேய்ப்பர்கள் அந்தச் சொல்லை அங்கே கொண்டுபோனார்கள், கடன் போனது இங்கிருந்து அங்கே. இரண்டு மொழியில் ஒரு சொல் இருந்தால், எதில் அதற்குக் குடும்பம் பெரிது, எந்தத் தொழிலோடு போனது என்று பார்க்காமல் அம்புக்குறி போடக் கூடாது.

சரி, ருமேனியனுக்கு எங்கிருந்து வந்தது? லத்தீனில் உறுதியான மூலம் இல்லை. அல்பேனியனில் மாஸரெக்குக் கிடைத்த மாதிரி ஒரு ஜோடி இல்லை. டேசியன் என்று சொல்ல ஆசைதான், சான்று இல்லை. டெக்ஸ் 'எத். நெக்.' என்கிறது. என் நோட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே 'மங்கிய உயிர், பழையதாக இருக்கலாம். வடக்கே கடன் போனது' என்று ஒரு வரி இருக்கிறது, மூலம் என்ற கட்டம் காலி.